தொழுவத்தினின்று வீட்டிற்கு: கால்நடைகளின் நோய் மனிதரை அடையும் வழிகள்

கடன் வாங்கிய ஒருவர் தவறினால், அந்தக் கடனுக்கு மற்ற அங்கத்தினர் யாவரும் ஜவாப்தாரிகள் என்பது, 1904-ம் வருஷத்துச் சட்டத்தின்படி முதன்முதல் ஏற்பட்ட கிராம நாணயச் சங்கங்களின் அஸ்திவாரக் கொள்கை. வரம்பற்ற பொறுப்பு என்று அதற்குப் பெயர். அடுத்த வீட்டுக்காரர் வாங்கும் கடன் நம் தலையிலும் விழக்கூடும் என்ற எண்ணமே, ஒருவர் காரியத்தை மற்றவர் கவனிக்கும்படி செய்தது. காலம் மாறிற்று, இப்பொழுது பெரும்பாலான சங்கங்களில் அங்கத்தினருடைய பொறுப்பு அவர் செலுத்திய பங்குத் தொகையோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆனால் கால்நடைகளிடமிருந்து மனிதருக்கு வரும் நோய்களின் விஷயத்தில் வரம்பற்ற பொறுப்பு ஒருநாளும் ரத்தாகவில்லை. ஒருவர் தொழுவத்தில் உள்ள நோய்க்கு ஊரார் அனைவரும் ஈடு கொடுக்க நேரிடுகிறது. இதை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

நோய் வரும் வழிகள்

மனிதருக்கு உண்டாகும் தொற்று நோய்களில், ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது மற்ற பிராணிகளிடத்தும் காணப்படுவன என்று வைத்திய சாஸ்திரிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டு மாட்டையும் ஆட்டையும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மாட்டின் நோய்கள் யாவும் மனிதரைப் பற்றுவதில்லை. உதாரணமாக, கோமாரி எனப்படும் கால் வாய் நோய் மந்தை முழுவதையும் வாட்டினாலும், அதைப் பராமரிக்கும் மனிதரைப் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. மனிதரைப் பற்றும் நோய்களும் கண்ணுக்குத் தெரியாத மாயமாக வந்துவிடுவதில்லை. அவை ஒவ்வொன்றிற்கும் ஒரு வழி உண்டு. அந்த வழி இன்னதென்று தெரிந்தால் அதை அடைக்கலாம். கிராமவாசிகளாகிய நமக்கு முக்கியமான வழிகள் நான்கு: பால், இறந்த பிராணியின் உடல், கடி, சேறு. இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதல் வழி: பால்

மத்தியதரைக் கடலில் மால்ட்டா என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. அங்கே பிரிட்டிஷ் பட்டாளமும் கப்பற்படையும் தங்கியிருந்த காலத்தில், சிப்பாய்களை ஒரு வகைக் காய்ச்சல் வருஷந்தோறும் பீடித்து வந்தது. காய்ச்சல் ஏறும், சில நாளில் இறங்கும், மறுபடியும் ஏறும். இரவில் வியர்வை கொட்டும். மூட்டுகளிலும் முதுகிலும் தாங்கமுடியாத வலி இருக்கும். இறந்தவர் சிலரே, ஆனால் படுத்தவர் மாதக்கணக்கில் எழுந்திருக்க முடியவில்லை. 1887-ம் வருஷத்தில் டேவிட் புரூஸ் என்ற ராணுவ வைத்தியர், இக்காய்ச்சலால் இறந்தவர்களின் மண்ணீரலிலிருந்து அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். கிருமி தெரிந்துவிட்டது; ஆனால் அது எந்த வழியாக உடலுக்குள் புகுகிறதென்பது மேலும் 18 வருஷம் தெரியவில்லை. தண்ணீர் என்றார்கள், புழுதி என்றார்கள், சாக்கடைக் காற்று என்றார்கள், கொசு என்றார்கள்.

அந்தத் தீவில் ஜனங்கள் ஆட்டுப்பாலையே குடித்தார்கள். இடையர்கள் ஆடுகளைத் தெருத்தெருவாக ஓட்டிவந்து, வீட்டு வாசலிலேயே கறந்து கொடுத்தார்கள். கண்ணெதிரே கறந்த பாலில் தண்ணீர்க் கலப்பு இராதென்று வாங்குவோருக்குத் திருப்தி. ஆடுகளோ கொழுத்து, மினுமினுப்பாக, நோயின் அடையாளம் சிறிதுமின்றி இருந்தன. ஆகையால் அவற்றின்மீது ஒருவருக்கும் சந்தேகம் உண்டாகவில்லை. 1905-ம் வருஷத்தில் தெமிஸ்தொக்ளிஸ் ஸம்மித் என்ற மால்ட்டா தேசத்து வைத்தியர், ஆடுகளின் இரத்தத்தைப் பரிசோதித்து, அவற்றிற்குள்ளே அக்கிருமி குடியிருப்பதைக் கண்டார். பின்னர் விரிவாகச் சோதித்ததில், தீவிலுள்ள ஆடுகளில் ஏறக்குறைய பாதிக்கு இத்தொற்று உண்டென்றும், பத்தில் ஒன்று பாலிலேயே கிருமியை வெளியிடுகிறதென்றும் தெரிந்தது. அதே வருஷத்தில் மால்ட்டாவிலிருந்து 65 ஆடுகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவுக்குச் சென்ற ஒரு கப்பலில், அந்த ஆடுகளின் பச்சைப் பாலைக் குடித்த மாலுமிகள் பலர் இக்காய்ச்சலில் விழுந்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

1906-ம் வருஷத்தில் பட்டாளத்துக்கு ஆட்டுப்பால் தடுக்கப்பட்டது. அதோடு சிப்பாய்களிடையே அக்காய்ச்சல் ஏறக்குறைய மறைந்தது. ஆனால் ஊர் ஜனங்களுக்கு அப்படி ஓர் உத்தரவு இல்லை. அவர்கள் பழையபடியே பச்சைப் பாலை வாங்கினார்கள். காய்ச்சலும் பழையபடியே அவர்கள் வீடுகளில் பல வருஷங்கள் நிலைத்திருந்தது. பாலைச் சூடுகாட்டிச் சுத்தி செய்யும் நிலையம் அங்கே ஏற்பட்டது 1938-ம் வருஷத்தில். அதன் பின்னரும், 1995-ம் வருஷத்தில், சூடுகாட்டாத பாலில் செய்த பாலாடைக்கட்டியால் அந்நோய் மறுபடி தலைகாட்டியது. ஒரே தீவு, ஒரே ஆடு, ஒரே கிருமி. வழியை அடைத்தவர்கள் பிழைத்தார்கள், அடைக்காதவர்கள் அவதிப்பட்டார்கள்.

இது ஆட்டோடு நின்ற விஷயமன்று. பசுக்களில் கன்று வீச்சு நோயை உண்டாக்கும் கிருமியை 1897-ம் வருஷத்தில் டென்மார்க் தேசத்துப் பாங் என்பவர் கண்டுபிடித்திருந்தார். அதுவும் மால்ட்டாக் கிருமியும் நெருங்கிய உறவுள்ளவை என்று 1918-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஆலிஸ் எவன்ஸ் என்ற அம்மையார் எடுத்துக் காட்டி, பசுவின் பச்சைப் பாலும் அபாயகரமானதே என்று எச்சரித்தார். அக்காலத்துப் பண்டிதர் பலர் அதை நம்பவில்லை. அந்த அம்மையாரே பின்னர் ஆராய்ச்சியின்போது அந்நோய்க்கு ஆளாகி, பல வருஷங்கள் வருந்தினார். காலக்கிரமத்தில் அவர் கூறியது உண்மையென்று உலகம் ஒப்புக்கொண்டது. இரண்டு கிருமிகளுக்கும் இப்பொழுது புரூஸின் பெயரால் புரூசெல்லா என்று பெயர்.

கன்று வீச்சு நோய் கண்ட பசு, பெரும்பாலும் ஐந்தாவது மாதத்துக்குப் பின் கன்றைச் செத்துப் போடும். நஞ்சுக்கொடி விழாமல் தங்கிவிடும். அடுத்த ஈற்றில் ஒழுங்காகக் கன்று ஈன்றாலும் ஈனலாம். பார்வைக்கு நல்ல பசுவாகவே இருக்கும். ஆனால் அதன் பாலிலும், ஈனும்போது வெளியாகும் நீரிலும் கிருமி போய்க்கொண்டே இருக்கும். இங்கேதான் நம் மனச்சாட்சிக்குச் சோதனை வருகிறது. கன்று வீசிய பசுவைச் சொல்லாமல் சந்தைக்கு ஓட்டிவிடுவது சுலபம்; நஷ்டம் தீர்ந்தது என்று தோன்றும். வாங்கினவர் அடுத்த கிராமத்தவராகவும் இருக்கலாம், நம் சங்கத்து அங்கத்தினராகவும் இருக்கலாம். பால் சங்கத்தில் எல்லோருடைய பாலும் ஒரே பாத்திரத்தில் கலக்கிறது. சிறு குடியானவருடைய இரண்டு படிப் பாலுக்கும் விலை கிடைக்கச் செய்வது அந்தக் கலப்பே. ஒரு தொழுவத்தின் நோயைப் பல வீடுகளுக்குக் கொண்டுபோகக் கூடியதும் அந்தக் கலப்பே.

அடைக்கும் முறை சுலபமானது. பாலை 63 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் 30 நிமிஷமோ, 72 டிகிரியில் 15 விநாடியோ வைத்தால் இக்கிருமி மாளும். வீட்டில் பால் பொங்கும்வரை காய்ச்சினால் அதற்கு மேலேயே போதும். கறந்த சூட்டோடு பச்சைப் பாலைக் குடித்தால் பலம் என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். காய்ச்சாத பாலிலிருந்து எடுத்த வெண்ணெயும் மோரும் அவ்வாறே. சீம்பாலையும் நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். கன்று வீசிய பசுவின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுக்கலாகாது. அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுவது பல ஊர்களில் வழக்கம். காகமும் நாயும் அதை இழுத்து நோயை ஊரெங்கும் பரப்பும். ஆகையால், வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைப்பதே முறை. பெண் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒரே ஒரு தடவை கால்நடை வைத்தியரிடம் இந்நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டால், பிற்காலத்தில் பெரும் பாதுகாப்பு உண்டு. சினை மாட்டுக்கும் காளைக் கன்றுக்கும் அந்த ஊசி ஆகாது.

கால்நடை வளர்ப்போரில் எவருக்கேனும் ஏறி இறங்கும் காய்ச்சலும், இராவியர்வையும், மூட்டு வலியும் வாரக்கணக்கில் நீடித்தால், தம் வீட்டில் பசு கன்று வீசிய விவரத்தை வைத்தியரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். இந்நோயை டைபாய்டு என்றும் மலேரியா என்றும் எண்ணி ஏமாறுவது சகஜம். இரத்தப் பரிசோதனையால் இது தெரியும். சுமார் 6 வாரம் விடாமல் மருந்து உண்டால் தீரும்.

இரண்டாம் வழி: இறந்த பிராணியின் உடல்

காலையில் நன்றாக மேய்ந்த மாடு மாலையில் செத்துக் கிடக்கிறது. வயிறு உப்பியிருக்கிறது, மூக்கிலும் வாயிலும் ஆசனத்திலும் கறுத்த இரத்தம் உறையாமல் கசிகிறது, உடல் விறைக்கவில்லை. இது அடைப்பான் நோயாக இருக்கலாம். இந்நிலையில் கத்தியை எடுப்பவர் தம் உயிரோடு விளையாடுகிறார்.

காரணத்தைக் கேளுங்கள். 1876-ம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்தில், ஒரு சிற்றூரில் வைத்திய உத்தியோகம் பார்த்துவந்த ராபர்ட் கோக் என்பவர், தம் வீட்டிலேயே பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இந்நோயின் கிருமியை ஆராய்ந்தார். உடலுக்குள் இருக்கும்வரை இக்கிருமி சாதாரணமானது; உடல் அழுகும்போது அதுவும் சில நாளில் அழிந்துவிடும். ஆனால் உடலைக் கிழித்து இரத்தம் காற்றுப் பட்டவுடன், கிருமி கடினமான ஓட்டையுடைய விதைபோல் மாறிவிடுகிறது. இந்த விதை வெயிலுக்கும் மழைக்கும் வருஷக்கணக்கில் சாவதில்லை. பிரான்ஸ் தேசத்துப் பாஸ்டர் என்பவர், புதைத்த குழியின்மேல் உள்ள மண்ணிலும், மண்புழுக்கள் மேலே கொண்டுவந்த மண்ணுருண்டைகளிலும் இந்த விதைகளைக் கண்டார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த குருயினார்ட் என்ற சிறு தீவில், 1942-ம் வருஷத்தில் யுத்தப் பரிசோதனைக்காக இக்கிருமியைத் தூவினார்கள். பின்னர் மண்ணை மருந்திட்டுச் சுத்தி செய்து, அத்தீவு அபாயமற்றது என்று அறிவிக்க 1990-ம் வருஷம் ஆயிற்று. ஒரு தோலின் விலைக்காக ஒரு மாட்டைக் கிழித்தால், மேய்ச்சல் நிலத்தை நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை விஷமாக்கிவிடக்கூடும்.

இதில் நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரு விஷயமும் உண்டு. செத்த மாட்டை இழுத்துச் சென்று தோலுரிக்கும் வேலையை நெடுங்காலமாக ஊரார் சிலர் தலையிலேயே சுமத்தி வந்தார்கள். கையில் கரும்புண்ணோடு முதலில் படுப்பவர்கள் அவர்களே. பசியின் கொடுமையால் அந்த மாமிசத்தை உண்டு மாள்பவர்களும் அவர்கள் வீட்டாரே. மாட்டின் சொந்தக்காரர் தூர நின்று, "எடுத்துப் போ" என்று சொல்வதோடு தம் கடமை தீர்ந்ததாக நினைப்பது நியாயமன்று.

ஆகையால், திடீரென்று இறந்த மாட்டையோ ஆட்டையோ அறுக்கலாகாது, தோலுரிக்கலாகாது, மாமிசத்தை உண்ணலாகாது. நாயும் கழுகும் அண்டாதபடி காவல் வைத்துக் கால்நடை வைத்தியருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். உடலை இழுக்காமல் கூடுமானவரை அதே இடத்தில் முழுவதும் எரிப்பது உத்தமம். இயலாவிட்டால் நீர்நிலைக்கு எட்டத்தில், ஆறடிக்குக் குறையாத குழியில் முழு உடலாகவே புதைக்க வேண்டும். தொட்டவர்களுக்குக் கையிலோ கழுத்திலோ அரிப்போடு கொப்புளம் எழும்பி, நடுவே கரிபோல் கறுத்து, வலியில்லாமல் வீங்கினால், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காலத்தில் மருந்து கொடுத்தால் பிழைக்கலாம்.

தடுப்பு ஊசியும் உண்டு. 1881-ம் வருஷத்தில் பாஸ்டர், 24 செம்மறியாடுகளுக்கு ஊசி போட்டு, வேறு 24 ஆடுகளை ஊசியின்றி விட்டு, பின்னர் எல்லாவற்றிற்கும் நோய்க் கிருமியைச் செலுத்தினார். குறித்த நாளில் வேடிக்கை பார்க்க வந்த குடியானவர்கள், ஊசி போட்டவை மேய்ந்து நிற்பதையும், போடாதவை செத்தும் சாகும் தறுவாயிலும் கிடப்பதையும் கண்டார்கள். அடைப்பான் ஒருமுறை கண்ட ஊர்களில், வருஷந்தோறும் மந்தை முழுமைக்கும் ஊசி போடுவது அவசியம்.

மூன்றாம் வழி: கடி

வெறிநாய்க்கடி நோயைப்பற்றி அறியாதவர் இல்லை. நோய் வெளிப்பட்டுத் தண்ணீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்தபின் பிழைத்தவர் மிக மிக அரியர். ஆயினும் கடித்த உடனே செய்யவேண்டியதைச் செய்தால், இதைப்போல் நிச்சயமாகத் தடுக்கக்கூடிய நோயும் வேறில்லை. விஷம் நரம்பு வழியாக மெள்ள மெள்ள மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் செல்லும், சில வேளை ஒரு வாரத்திலும் முற்றும். அந்த அவகாசமே நமக்குக் கிடைத்த தவணை.

1885-ம் வருஷம் ஜூலை மாதத்தில், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் பாஸ்டர் முதன்முதல் ஊசி போட்டுக் காப்பாற்றினார். தென்னாட்டில் 1907-ம் வருஷத்தில் குன்னூரில் இதற்கென்று பாஸ்டர் ஸ்தாபனம் ஏற்பட்டது. அக்காலத்து மருந்து ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்டது. வயிற்றில் பல நாள் வலியோடு குத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பழைய பயத்தினால் இன்றும் சிலர் தயங்குகிறார்கள். அம்மருந்து நம் தேசத்தில் 2004-ம் வருஷத்தோடு நின்றுவிட்டது. இப்பொழுது புஜத்தில் போடும் சில ஊசிகளே. சர்க்கார் வைத்தியசாலைகளில் இலவசம்.

கடித்தவுடன் புண்ணைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, எண்ணெய், காப்பித்தூள் எதையும் அப்பலாகாது. அன்றைக்கே வைத்தியரிடம் சென்று, அவர் குறிக்கும் நாட்களில் ஒன்று தவறாமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஆழ்ந்த கடியானால் புண்ணைச் சுற்றிப் போடும் வேறொரு மருந்தும் அவசியம். அதைக் கேட்டு வாங்க வேண்டும். நாய் 10 நாள் உயிரோடிருக்கிறதா என்று கவனிக்கலாம். ஆனால் அதுவரை ஊசியைத் தள்ளிப்போடக்கூடாது.

மாட்டுக்காரர்கள் தவறும் இடம் ஒன்றுண்டு. வெறிநாய் கடித்த மாடு, தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் எச்சில் ஒழுகக் கதறும், தீனி தின்னாது. காயோ முள்ளோ அடைத்ததென்று எண்ணி வாய்க்குள் கையை விடுவது வழக்கம். அந்த எச்சிலிலே நோய் இருக்கிறது. கையிலுள்ள சிறு கீறல் வழியாக உட்புகும். அப்படிப்பட்ட மாட்டின் வாயில் கைவிடாமல் வைத்தியரை அழைக்க வேண்டும்.

நான்காம் வழி: சேறு

எலிகளின் சிறுநீரில் உள்ள கிருமி, வயல் நீரிலும் சேற்றிலும் கலந்து, காலிலுள்ள வெடிப்பு வழியாக உடலில் புகுவது எலிக் காய்ச்சல். ஜப்பான் தேசத்தில் இனாடா, இடோ என்ற இரு வைத்தியர்கள் 1915-ம் வருஷத்தில் இக்கிருமியைக் கண்டுபிடித்தார்கள். நோயுற்ற மாட்டின் சிறுநீரிலும் இது உண்டு. நடவு நாளிலோ வெள்ளத்துக்குப் பின்போ கடுங்காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் கண்டால் தாமதியாமல் வைத்தியரிடம் போக வேண்டும். பித்த வெடிப்பை மூடிக்கட்டி வயலில் இறங்குவதும், கரையேறியவுடன் கால் கழுவுவதும், களஞ்சியத்தில் எலியை ஒழிப்பதும் இதற்குத் தடை.

சங்கம் செய்ய வேண்டியது யாது?

மேலே சொன்ன நான்கு வழிகளில், ஒரு வீட்டார் மாத்திரம் அடைத்துப் பயன் முழுவதும் பெறக்கூடியது ஒன்றும் இல்லை. என் பசுவுக்கு ஊசி போட்டு, அடுத்த வீட்டுப் பசுவை விட்டுவிட்டால், குட்டையும் மேய்ச்சலும் பொதுவாதலால் நோயும் பொதுவாகும். ஊர் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கேனும் ஊசி போட்டால்தான் வெறிநோயின் சங்கிலி அறும் என்பது அனுபவத்தில் கண்ட கணக்கு. இவை தனி மனிதரால் ஆகா, சங்கத்தால் ஆகும். பின்வருவனவற்றை அடுத்த பொதுக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கலாம்.

1. சங்கத்தில் ஒரு கால்நடைப் பதிவுப் புத்தகம் வைத்து, ஒவ்வோர் அங்கத்தினரின் மாடு கன்றுகளையும், ஊசி போட்ட தேதியையும், கன்று வீசிய விவரத்தையும் காரியதரிசி எழுதி வருவது.

2. கன்று வீசிய பசுவைப் பரிசோதனை முடியும்வரை தனியே கட்டுவதென்றும், மறைத்து விற்பதில்லையென்றும் அங்கத்தினர் யாவரும் ஒப்புக்கொள்வது. அதன் பால் கூட்டுப் பாலில் சேராத நாட்களுக்குச் சங்கம் ஒரு சிறு தொகை உதவுவது.

3. லாபத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, அடைப்பானில் இறந்த மாட்டைத் தோலுரிக்காமல் எரித்தவருக்குத் தோலின் விலையையேனும் கொடுப்பது. நஷ்டத்தைச் சங்கம் பகிர்ந்துகொண்டாலன்றி, ஏழை அங்கத்தினரிடம் உபதேசம் மாத்திரம் செல்லாது.

4. ஊசி போடும் நாளைக் கால்நடை வைத்தியரோடு கலந்து குறித்து, தமுக்கடித்து அறிவித்து, மந்தையையும் நாய்களையும் ஒருங்கே கொண்டுவருவது. அவசரத்துக்குக் கால்நடை வைத்திய வண்டியை அழைக்கும் 1962 என்ற தொலைபேசி எண்ணைச் சங்கச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதுவது.

5. ஈற்றுப் பார்க்கவும், இறந்த உடலை அப்புறப்படுத்தவும் உதவும் ரப்பர் கையுறைகளைச் சங்கத்தில் வாங்கி வைப்பது.

வாசித்த பின் கூட்டத்தில் பேசுவதற்கு

நம் ஊரில் சென்ற வருஷம் கன்று வீசிய பசுக்கள் எத்தனை? அவை இப்பொழுது எங்கே இருக்கின்றன? திடீரென்று இறந்த மாட்டை யார் எடுத்தார்? அவருடைய கையில் உறை இருந்ததா? நாய் கடித்தவர் எத்தனை பேர் கடைசி ஊசி வரை போட்டுக்கொண்டார்கள்?

இக்கேள்விகளுக்கு விடை சொல்லத் தெரியாத சங்கம், கணக்குப் புத்தகம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், தன் பாக்கியை இன்னும் முழுவதும் எழுதிக்கொள்ளவில்லை என்றே கொள்ள வேண்டும். கடன் பாக்கியைத் தவணை சொல்லித் தள்ளிவைக்கலாம். நோயின் பாக்கி தவணைக்குக் காத்திராது.